வால் முளைத்த வார்த்தை

போர்ட் சயீது
12 செப்டம்பர் 1995

அன்புள்ள அக்கா,

நானும் ராஷ்கோவும் நலமாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் எப்படி? படியேறும்போது இன்னும் திட்டுகிறாரா?

கப்பல் பழையது, பெயர் மட்டும் புதிது. முதலாளியும், எங்களை வேலை வாங்கும் அதிகாரியான மேட்டும் கிரேக்கர்கள். தளத்து வேலைகளுக்குத் தலைவனான போசன் பிலிப்பைன்ஸ்காரர். அரசாங்கக் கப்பலில் சொந்த மொழியில் திட்டு வாங்கிப் பழகிய எங்களுக்கு இங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. நீ கையால் எழுதிக் கொடுத்த ஆங்கிலச் சொல் நோட்டை ஆளுக்கொன்றாகத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறோம்.

ஆனால் அக்கா, இந்த ஆங்கிலேயர்கள் நேர்மையானவர்கள் இல்லை. ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதன் பின்னால் ஒரு குட்டி வாலை ஒட்டி வேறு வார்த்தையாக்கிவிடுகிறார்கள். நேற்று தளத்தில் சுத்தியலால் துரு தட்டிக்கொண்டிருந்தோம். ஐந்து மணிக்கு மேட் வந்து, "நாக் ஆஃப்!" என்றார். நாக் என்றால் தட்டுவது. ராஷ்கோ பாவம், இன்னும் ஓங்கித் தட்டினான். மேட் மறுபடி கத்தினார். இவன் இரண்டு கையாலும் தட்டினான். கடைசியில் போசன் வந்து சுத்தியலைப் பிடுங்கி, "வேலை முடிஞ்சிருச்சுடா, போய்ச் சாப்பிடு"ன்னு சைகை காட்டினார். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அவன் முதுகில் தட்டித் தட்டி, "நாக் ஆஃப், நாக் ஆஃப்" என்று சிரித்தார்கள். "சிரிங்கடா, துரு போச்சா இல்லையா?" என்றான் அவன்.

வால் வைத்த வார்த்தைகளை இன்னும் கொஞ்சம் எழுதி அனுப்பு. எங்கள் ஏஜெண்டின் விலாசத்துக்கு எழுதினால் அடுத்த துறைமுகத்தில் கிடைக்கும்.

உன் தம்பி
ஓக்னியான்


வார்னா
3 அக்டோபர் 1995

அன்புள்ள தம்பி,

இங்கே நாங்கள் சுகம். அப்பா முழங்காலைத் திட்டுவதை விட்டுவிட்டு வைத்தியரைத் திட்டுகிறார். தெரு முழுக்க மிளகாய் சுடும் வாசனை. இந்த வருஷம் குளிர்காலத்துக்குப் போட்டு வைக்க நாற்பது கிலோ சுட்டு உரித்தேன், விரலெல்லாம் எரிகிறது.

உன் வால்கள் இதோ. புட் ஆன் என்றால் போட்டுக்கொள். "குளிர்கிறது, கோட்டைப் போட்டுக்கொள்." ஆனால் புட் ஆஃப் என்றால் கழற்று என்று நினைக்காதே, அது தள்ளிப்போடு. "பல் வைத்தியரிடம் போவதை அவன் தள்ளிப்போட்டான்." கழற்றுவதற்கு டேக் ஆஃப். விமானம் கிளம்பினாலும் டேக் ஆஃப்தான், ஏன் என்று என்னைக் கேட்காதே. புட் அவுட் என்றால் அணை. "சிகரெட்டை அணை." உனக்காகவே எழுதினேன். புட் அப் வித் என்றால் சகித்துக்கொள். "அவள் தன் தம்பியைப் பல வருஷங்களாகச் சகித்துக்கொண்டிருக்கிறாள்."

பதினான்கு வருஷமாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். இதுவரை ஓர் ஆங்கிலேயனோடும் பேசியதில்லை. எல்லாம் அகராதியிலிருந்து வந்தவை. இந்த மாதம் மாலை வகுப்பில் ஓய்வுபெற்ற துறைமுக வழிகாட்டி ஒருவர் சேர்கிறார். நாற்பது வருஷம் அந்நியக் கப்பல்களில் ஏறி அவற்றைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்தவர். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ராஷ்கோவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். கப்பல் வேலைக்கான ஆங்கில வாய்மொழித் தேர்வில் அவன் தேறவில்லை என்பது உனக்குத் தெரியும். அவன் மனைவி டோன்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். தேறியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பத்திரம்.
அக்கா நெவெனா


சாண்டோஸ்
9 நவம்பர் 1995

அன்புள்ள அக்கா,

நான் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை கப்பலைக் கரையில் கட்டும்போது கயிறு அறுந்து ராஷ்கோவின் இடது காலில் அடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்கிறார். டோன்காவுக்கு ஏஜெண்ட் தந்தி கொடுப்பார். ஆனாலும் நீ நேரில் போய்ச் சொல். அவள் தந்தியில் கால் என்ற சொல்லைப் படிக்க வேண்டாம்.

நாளை கிளம்புகிறோம். அவன் இங்கேயே இருப்பான்.

இன்னும் மூன்று வால்களுக்குப் பொருள் வேண்டும். கிவ் அப், ஓன் அப், ஹோல்ட் ஆன். வாக்கியத்தோடு எழுது.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

ஓக்னியான்


வார்னா
8 டிசம்பர் 1995

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வருவதற்குள் தந்தி வந்துவிட்டது. டோன்கா அதைப் பிடித்தபடி நம் வீட்டுக்கே வந்தாள். "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியுது, புரிய மாட்டேங்குது"ன்னு சொன்னாள். தந்தி நம் மொழியில்தான் இருந்தது.

முந்தாநாள் கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலாவின் நாள். வழக்கப்படி மீன் வாங்கினேன். அப்பா தொடவில்லை. "கடல்ல ஒருத்தன் கால் போயிருக்கு, கெண்டை மீன் ஒண்ணுதான் குறைச்சல்" என்றார்.

நீ கேட்டவை. கிவ் அப் என்றால் கைவிடு. "அவர் புகைப்பதைக் கைவிட்டார்." ஓன் அப் என்றால், செய்தது நான்தான் என்று யாரும் பிடிக்கும் முன்பே தானாகச் சொல்வது. "ஜன்னலை உடைத்த பையன் வகுப்பில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டான்."

தம்பி, கயிறு இழுக்கும் வின்ச் யந்திரத்தில் அன்றைக்கு யார் இருந்தது?

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி உள்சட்டை அனுப்பியிருக்கிறேன்.

நெவெனா


ராட்டர்டாம்
20 ஜனவரி 1996

அன்புள்ள அக்கா,

உள்சட்டை கிடைத்தது. கைதான் நீளம், மற்றபடி சரி. இங்கே கப்பலிலிருந்து இறங்கினால் மூக்கு உறைகிறது. புதுச் சமையல்காரன் முட்டைக்கோஸைத் தவிர எதையும் மதிப்பதில்லை. டோன்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக அப்பா எழுதியிருந்தார். நல்லது. மிகவும் நல்லது.

விபத்து பற்றி மேட் எல்லோரிடமும் எழுதி வாங்கினார். நானும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரே வரி. இலக்கணப் பிழை இல்லை என்று மேட்டே சொன்னார். நீ பார்த்தால் பெருமைப்பட்டிருப்பாய்.

உன் நோட்டு தவறிக் கடலில் விழுந்துவிட்டது. புதிது எழுத வேண்டாம்.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. எல்லோருக்கும் என் அன்பு.

ஓக்னியான்


வார்னா
2 மார்ச் 1996

அன்புள்ள தம்பி,

நலமா? நேற்று மார்ச் முதல் நாள், வழக்கப்படி எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல் கட்டினேன். அப்பா மட்டும் சிறுபிள்ளை போல இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். உனக்கொன்று இதற்குள் இருக்கிறது.

ராஷ்கோ வந்துவிட்டான். போய்ப் பார்த்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நான் கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு ராஷ்கோ?"

"கயிறு தெரியுது. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை தெரியுது. நடுவுல ஒண்ணுமில்லை டீச்சர்."

"வின்ச் நின்னுச்சா, ஓடிக்கிட்டே இருந்துச்சா?"

"நினைவில்லைன்னு சொல்றேன்ல. ஏன், ஓக்னியான் எழுதலையா? அவன்தானே லிவர் பிடிச்சிருந்தான்."

நீ எழுதவில்லை என்று நான் சொல்லவில்லை.

கப்பல் முதலாளி மேல் ராஷ்கோ வழக்குப் போட்டிருக்கிறான். கட்டளையை மீறி வின்ச் ஓடியிருந்தால் பொறுப்பு முதலாளியுடையது. வின்ச் நின்ற பிறகு கயிறு தானாக அறுந்திருந்தால், நிற்கக் கூடாத இடத்தில் நின்றது ராஷ்கோவின் தவறு. வழக்கே அதில்தான் நிற்கிறது. விபத்துக் காகிதங்களை மொழிபெயர்க்க அவன் வக்கீல் என்னிடமே கொண்டுவந்தார். முத்திரை பெற்ற மொழிபெயர்ப்பாளர் இந்தத் தெருவில் நான் ஒருத்திதானே.

உன் வரியைப் படித்தேன். "ஹோல்ட் ஆன் என்று சொன்னார்கள், அப்படியே செய்தேன்." ஆங்கிலத்தில் அது அப்பாவி வாக்கியம். ஆனால் நம் மொழியில் இப்படி வால் வைத்த சொல் கிடையாது. நீ நிறுத்தியதாகவோ நிறுத்தாததாகவோ நான் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "நிறுத்திப் பிடிக்கச் சொன்னார்கள், அப்படியே செய்தேன்" என்று எழுதி முத்திரை குத்தினேன்.

சரிதானே? இல்லையென்றால் உடனே எழுது. விசாரணை மே மாதம்தான். நேரம் இருக்கிறது.

நெவெனா


லாகோஸ்
14 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

நலம். நூல் கிடைத்தது.

சரிதான். அப்படியே இருக்கட்டும்.

ஓக்னியான்


வார்னா
11 ஜூன் 1996

தம்பி,

அப்பா நலம், நான் நலம். இந்த வரியை எழுதும்போது என் கை கூசுகிறது.

ராஷ்கோவின் வழக்குத் தள்ளுபடியாகிவிட்டது. என் மொழிபெயர்ப்பை நீதிபதி இரண்டு முறை உரக்கப் படித்தாராம். நான் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் டோன்கா ஒரு ஜாடி செர்ரிப் பாகோடு வந்தாள்.

"வாங்கிக்கோங்க டீச்சர். காசே வாங்காம அவ்வளவு காகிதத்தையும் எழுதிக் கொடுத்தீங்க. தோத்தது எங்க விதி. உங்க கை நல்ல கை."

"வேணாம் டோன்கா."

"வாங்கிக்கலைன்னா கோபிச்சுக்குவேன்."

வாங்கிக்கொண்டேன். அவள் தெருமுனை திரும்பும் வரை கதவில் சாய்ந்து நின்றேன்.

இனி முடியாது. சொல்லிவிடுகிறேன். நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்த நோட்டில் பதினேழாம் பக்கம். "ஹோல்ட் ஆன்: விடாமல் தொடர்ந்து செய்." தவறு. அது கீப் ஆன் என்பதற்கு எதிரே இருக்க வேண்டிய பொருள். அகராதியின் கடைசியில் இருந்த வால் வார்த்தைப் பட்டியலில் ஒரு வரி தள்ளிப் பார்த்துவிட்டேன். அக்டோபர் மாதம் அந்த வழிகாட்டி வகுப்புக்கு வந்த முதல் வாரமே அதைப் பார்த்துவிட்டார். "அம்மா, கப்பல் தளத்துல ஹோல்ட் ஆன்னா அப்படியே நிறுத்திப் பிடின்னு அர்த்தம். நீங்க எழுதியிருக்கிறபடி செஞ்சா யாராச்சும் செத்துப்போவாங்க"ன்னு எல்லோர் முன்னாலும் சொன்னார். கரும்பலகையில் திருத்தினேன். வகுப்பிலிருந்த பதினோரு பேரின் நோட்டுகளிலும் திருத்தினேன். கடலில் இருந்த உங்கள் இருவருக்கு மட்டும் எழுதவில்லை. தம்பியிடம் போய் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று எப்படி எழுதுவது? அடுத்த கடிதத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். விபத்துக்கு முன்னால் முழுதாக மூன்று வாரம் இருந்தது. ஒரு தந்தி போதும்.

நீ சாண்டோஸிலிருந்து அதே வார்த்தைக்குப் பொருள் கேட்டபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டு அதை விட்டுவிட்டேன். பிறகு முத்திரை குத்தியபோதும், உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. வின்ச் ஓடியது என்று எழுதினால், ஏன் ஓடியது என்று கேட்பார்கள். பதினேழாம் பக்கம் வெளியே வரும்.

நீ என்மேல் பழி போடாமல் மௌனமாக இருந்தாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் அக்கா


மார்சேய்
19 ஜூலை 1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு வாரமாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

நான் உனக்காக மௌனமாக இருக்கவில்லை. நீ என்னை நல்லவனாக்கிவிட்டாய். அதுதான் எனக்குத் தண்டனை.

கேள். கப்பலேறிய முதல் வாரமே போசன் கயிறு கட்டும்போது வரும் கட்டளைகள் எல்லாவற்றையும் எங்களை நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஹோல்ட் ஆன் என்றால் நிறுத்து. உன் நோட்டில் வேறு மாதிரி இருந்ததைப் பார்த்து நானும் ராஷ்கோவும் சிரித்தோம். அக்கா மனம் நோகும் என்று உனக்கு எழுதவில்லை. எனக்குப் பொருள் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை லிவர் ஒரு கையில், சிகரெட் மறு கையில். காற்றில் அது பற்றவில்லை. குனிந்து இரண்டாவது தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தேன். மேட் கத்தியது காதில் விழுந்தது. கையையும் உயர்த்தியிருப்பார், நான் பார்க்கவில்லை. தீக்குச்சி எரியட்டும், அப்புறம் நிறுத்தலாம் என்று நினைத்தேன். அவ்வளவு நேரம்தான். வின்ச் இழுத்துக்கொண்டே இருந்தது.

அப்புறம்தான் உன் நோட்டு ஞாபகம் வந்தது. இப்படியும் ஒரு பொருள் இருக்கிறதே, எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்லலாமே என்று. சாண்டோஸிலிருந்து உன்னிடம் கேட்டது அதற்குத்தான். உன் கையெழுத்தில் இன்னொரு முறை அந்தத் தப்பு வேண்டும் என்று. நீ எழுதவில்லை. அதனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்கிற வாக்கியம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். நோட்டு தவறி விழவில்லை, நான்தான் எறிந்தேன். கண்ணில் படும்போதெல்லாம் சாக்கு தயார் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

என்னை இப்போது எப்படிப் பார்ப்பாய் என்று தெரியவில்லை. ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது.

ஓக்னியான்


வார்னா
15 ஆகஸ்ட் 1996

தம்பி,

அப்பாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெளியே போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது.

ராஷ்கோவின் வக்கீலைப் பார்த்து, என் மொழிபெயர்ப்பு தவறு, தெரிந்தே செய்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டைப் பற்றியும், அக்டோபர் மாதத்தைப் பற்றியும் எழுதினேன். முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மாலை வகுப்பும் போய்விட்டது. வழக்கை மறுபடி திறக்க அது மட்டும் போதாது, வின்ச் பிடித்தவனே வந்து சொல்ல வேண்டும் என்கிறார் வக்கீல்.

பிறகு ராஷ்கோ வீட்டுக்குப் போனேன். டோன்கா கதவைத் திறந்தாள், நான் சொன்னதைக் கேட்டாள், சாத்தினாள்.

தோப்ரிச்சுக்கு அப்பால் ஒரு கிராமப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. சின்ன வகுப்புகள். மேசை, நாற்காலி, பூனை. சனிக்கிழமை போகிறேன். விலாசம் அப்பாவிடம் இருக்கும்.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். போய் அவன் முன்னால் நில்.

நெவெனா


வார்னா
6 அக்டோபர் 1996

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி எழுதாமல்தான் இருந்தேன். நின்றுவிட்டு எழுதுகிறேன். அங்கே அறையில் அடுப்பு இருக்கிறதா? அப்பா உனக்கு விறகு அனுப்ப வேண்டும் என்று நச்சரிக்கிறார்.

வந்து மூன்று நாள் ராஷ்கோ வீட்டுத் தெருவுக்கே போகவில்லை. நான்காம் நாள் காலை போனேன். அவனே கதவைத் திறந்தான். கக்கத்தில் கட்டை. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா, கப்பல் இப்பத்தான் கரை சேர்ந்துச்சா?"

நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று. "வின்ச் ஓடிக்கிட்டிருந்துச்சு ராஷ்கோ. மேட் கத்துனது காதுல விழுந்துச்சு. நான் நிறுத்தலை. சிகரெட் பத்த வச்சிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"ஓடுற வின்ச் சத்தத்துக்கும் நிக்கிற வின்ச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனாடா நான்? எல்லாமே நினைவிருக்கு. நீ குனிஞ்சு உள்ளங்கையைக் குவிச்சது வரைக்கும்."

"அப்புறம் ஏன் நினைவில்லைன்னு சொன்னே? கோர்ட்ல கூட?"

"நீ வந்து சொல்லுவேன்னு. சாண்டோஸ் ஆஸ்பத்திரில, நாளைக்கு வருவான்னு நெனச்சேன். கப்பல் கிளம்பிருச்சுன்னாங்க. சரி, கடிதம் வரும்னு நெனச்சேன். அப்புறம் கோர்ட்டுக்காவது எழுதியிருப்பான்னு. டீச்சரம்மா எழுதுனதை ஜட்ஜ் படிச்சாரு பாரு, அப்போ எந்திரிச்சுக் கத்தியிருக்கணும். ஆனா அதுவரைக்கும் நினைவில்லைன்னு சொல்லிட்டு, அப்போ எப்படிடா மாத்திச் சொல்றது? நானே என் வாயைக் கட்டிக்கிட்டேன்."

உள்ளேயிருந்து டோன்கா, "யாருங்க அது?" என்று கேட்டாள். "யாருமில்லை" என்றான் அவன். பிறகு கட்டையை மாற்றி ஊன்றிக்கொண்டு, "ஓக்னியான்" என்றான். அவள் வெளியே வரவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சிரு ராஷ்கோ" என்றேன்.

"அதெல்லாம் இப்போ என்கிட்ட கேட்காதே. இருந்தாத்தானே கொடுக்கிறதுக்கு. வக்கீல் ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். வா."

கோட்டை எடுத்துக் கொடுக்கப் போனேன். முறைத்தான். தானே சுவரில் சாய்ந்து ஒவ்வொரு கையாகப் போட்டுக்கொண்டான்.

வாக்குமூலத்தை நம் மொழியில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். வக்கீல் படித்துவிட்டு, "கப்பல் வேலைக்கான சீட்டே போயிரும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். மறு விசாரணை ஜனவரியில் இருக்கலாம் என்கிறார். உன்னையும் கூப்பிடுவார்கள். உன்னைப் பற்றி ராஷ்கோ சொன்னது ஒன்றுதான். "அவங்களாச்சும் ஆகஸ்ட்ல வந்தாங்க." அதை நான் உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. அவன் சொன்னதை எழுதுகிறேன்.

வக்கீல் அலுவலகத்துக்கு அவன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும், பத்து நிமிஷ ஏற்றம். அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவன் கை பிடிக்க விடவில்லை. வழியில் மூன்று இடத்தில் நின்றான். நானும் நின்றேன். மூன்று முறையும், அவன் கட்டையை எடுத்து முன்னால் வைத்த பிறகுதான் நான் காலை எடுத்தேன்.

உன் தம்பி
ஓக்னியான்